முற்றத்தில் நின்ற தண்ணீர்

எங்கள் வீட்டில் நீச்சல் தெரிந்தவர் எவரும் இல்லை. அப்படியிருந்தும் சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் ஒரு நீச்சல் தடாகம் வாங்கினோம். நிலத்தைத் தோண்டிக் கட்டுவதல்ல. இரும்புக் குழாய்களைப் பூட்டி, தடித்த நீல விரிப்பை அதில் மாட்டி, தரைக்கு மேலேயே நிறுத்துகிற வகை. மகள் அதைப் பூல் என்றாள். மனைவி தொட்டி என்றாள். கடைசியில் தொட்டி என்ற பெயர்தான் நின்றது.

வாங்கியது மனைவியின் முழங்காலுக்காக. அவள் நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பாதையிலிருந்து பாடசாலைக்கு நீளமான கற்படி. மழைக்காலத்தில் பாசியில் கால் வைத்து அந்தப் படியில் விழுந்தாள். இடது முழங்கால் சில்லு உடைந்தது. பதுளை வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்தார்கள், கட்டுப் போட்டார்கள், கட்டை அவிழ்த்தார்கள். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் கால் மடங்கவில்லை. ஓரளவுக்கு வளைந்து, கதவு நிலையில் முட்டியது போல் நின்றுவிடும். அங்கே காலுக்குப் பயிற்சி கொடுத்த சிங்களப் பெண் பொறுமையானவர். எலும்பில் தடை எதுவும் இல்லை, இறுக்கம்தான், மார்பளவு தண்ணீரில் தினமும் நடந்தால் உடம்பின் பாரம் குறையும், கால் இளகும் என்றார்.

மருத்துவ விடுமுறை பாடசாலை விடுமுறையோடு முடிகிறது. அதற்குள் படியேற முடியாவிட்டால் பசறை டவுனில் சமதரையில் இருக்கிற பாடசாலைக்கு மாற்றித் தருவதாக வலயக் கல்விக் காரியாலயத்தில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சொல்லியும் பார்த்தேன்.

"ஒண்ணாம் வகுப்புல கையப் புடிச்சு எழுதப் பழக்குன புள்ளைக," என்றாள். "இப்ப நாலாம் வகுப்பு. பாதியில வேற யாருகிட்டயாவது விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

"நொண்டிக்கிட்டே அந்தப் படியில ஏறி மறுபடி விழுந்தா?"

அந்தப் பயம் என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் என்பது எனக்குத் தெரியும். வீட்டு வாசற்படியில்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

மார்பளவு தண்ணீருக்கு எங்கே போவது? கீழே ஓடுகிற ஓயா ஆற்றில் முழுக்கப் பாறை. ஹோட்டல் தடாகத்தில் ஊரார் முன்னால் இறங்க மாட்டேன் என்றாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மகள்தான் தொலைபேசியில் படத்தைக் காட்டினாள். "அப்பா, முத்தத்துலயே வச்சுக்கலாம்."

நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். கொழுந்து எவ்வளவு வாடியது, காற்றில் எவ்வளவு சூடு என்று பார்த்தே காலம் போய்விட்டதால், அளக்காத எதையும் நம்ப எனக்கு வராது. மனைவியை வெறுங்காலோடு கதவோரம் நிறுத்தி, தரையிலிருந்து மார்பு வரைக்கும் ஒரு சணல் நூலை வெட்டி எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன்.

பஸார் வீதிக் கடை முதலாளி எங்களுக்குத் தண்ணீர்த் தாங்கி விற்றவர். தொட்டியைக் கேட்டதும் சிரித்தார்.

"என்ன சேர், பேரப் புள்ளைகளுக்கா?"

"மகளுக்கே இன்னும் கல்யாணமாகல மொதலாளி. வீட்டுல அவங்களுக்கு."

சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சட்டைக்கி அளவெடுத்துக்கிட்டு வர்றவங்களக் கண்டிருக்கேன் சேர். தண்ணிக்கி அளவெடுத்துக்கிட்டு வர்ற ஆள இன்டைக்கித்தான் காணுறேன்."

சொல்லிவிட்டு, கடைப் பையனை வைத்து நடுக்கடையில் விரிப்பைப் பிரித்தும் காட்டினார். சிறியது இடுப்போடு நின்றது. பெரியதை எடுத்தேன். பெட்டி அவ்வளவு கனமாக இருக்குமென்று எதிர்பார்க்கவில்லை. பசறை பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தபோது கண்டக்டர், "என்னங்க ஐயா, வீட்டையே மடிச்சுக் கொண்டு போறீங்களா?" என்றார். வளைவுக்கு வளைவு அதைக் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தேன்.

தொட்டியை நிறுத்தத் தட்டையான இடம் வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோருடைய முற்றமும் ஒன்றுதான்: மலையை வெட்டிய பாதி, வெட்டிய மண்ணைக் கொட்டிய பாதி. கொட்டிய பாதி வெளிச்சமானது, வெயில் நன்றாக விழும். நான் அங்கேதான் முளை அடித்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டிலிருக்கும் மனைவியின் தம்பி மேசன் வேலை செய்கிறவன். அவன் வந்து முளையைப் பிடுங்கிப் போட்டான்.

"இது முழுக்கத் தண்ணி நெறஞ்சா என்ன பாரம் வரும்னு தெரியுமா மச்சான்? ஒரு மழைக்கு தொட்டி கீழ் வீட்டுக்காரன் குசினியில போய் நிக்கும்."

"வெட்டுன பக்கம் வெயில் கம்மியே."

"வெயில் கம்மியானா அக்கா நடுங்கும். இந்தப் பக்கம் வச்சா கீழ் வீட்டுக்காரன் நடுங்குவான். எது வேணும்?"

வெட்டிய பாதியிலும் தரை சரிந்துதான் இருந்தது. தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற குழாயை இரண்டு பக்கமும் பிடித்து மட்டம் பார்த்தோம். ஒரு ஓரத்தைச் செதுக்கினால் மறு ஓரம் உயர்ந்து தெரியும். மூன்றாம் முறை செதுக்கும்போது மச்சான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"பத்தடிக்கு சமமா ஒரு எடம் இருந்திருந்தா வெள்ளைக்காரன் இங்க தேயிலையா நட்டிருப்பான்? கிரிக்கெட் கிரவுண்ட்தான் போட்டிருப்பான்."

பெட்டியோடு வந்த ஏணி ஒல்லியானது. மடங்காத கால் அதில் ஏறாது. தொழிற்சாலைத் தச்சர் அகலமான மரப்படி செய்து தந்தார், வெளியே ஏற ஒன்று, உள்ளே இறங்க ஒன்று, இரண்டுக்கும் கைப்பிடி. விரிப்பு கிழியாதபடி உள்படியின் கால்களில் சைக்கிள் டியூப் சுற்றினோம். பாதை வளைவில் திரும்புகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் முற்றம் அப்படியே தெரியும். அந்தப் பக்கம், நாற்றுமேடைக்குக் கட்டுகிற பச்சை வலையைக் கட்டினோம்.

பிறகு தண்ணீர். மேலே ஊற்றிலிருந்து குழாய் போட்டு நாங்கள் மூன்று வீட்டுக்காரர் முறை வைத்து எடுக்கிறோம். ஆகஸ்டில் எங்கள் ஊவா மாகாணத்தில் மழை இல்லை. குழாயில் தண்ணீர் பென்சில் கனத்துக்குத்தான் வரும். எல்லோருடைய தாங்கியும் நிறைந்த பிறகு வழிகிறதை மட்டும் எடுப்பதாகச் சொல்லி, ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தோம். மனைவி காலையும் மாலையும் வந்து, நீல விரிப்பில் ஈரக்கோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவாள். விடுமுறையின் பாதி அதிலேயே போனது.

நிறைந்தது ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை இறங்குகிறேன், நல்ல நாள் என்றாள். அன்று எனக்கு வேலை. போவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன்: வெயில் ஏறிய பிறகு இறங்க வேண்டும், மகள் பக்கத்தில் நிற்க வேண்டும், கைப்பிடியை விடக் கூடாது, குளிர்ந்தால் உடனே ஏறிவிட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த வெப்பமானியைப் படியில் கட்டித் தொங்கவிட்டேன்.

மாலை வீடு திரும்பியபோது மகள் கேட்டிலேயே நின்றாள்.

"அப்பா, மொதல்ல திட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

வலையை விலக்கிப் பார்த்தேன். தண்ணீரின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மினுங்கியது. ஓரம் முழுக்க நுரை. அடியில் பழுப்பாக எதுவோ படிந்து கிடந்தது.

"என்ன இது?"

"சீயக்காய்."

"தொட்டிக்குள்ளயா?"

"வெள்ளிக்கிழமைல்ல, அம்மா எண்ணெ தேச்சுக்கிட்டாங்க. தண்ணியில நிக்கத்தானே போறோம், முட்டிக்கும் நல்லதுன்னாங்க. எண்ணெ போகணுமேன்னு சீயக்காய். அப்புறம் சோப்பு."

"நீ பாத்துக்கிட்டா நின்ன?"

"நா ஷாம்பூ போட்டேன்." பின்பு மெதுவாக, "மாமாவும் வேல முடிஞ்சு வந்து குளிச்சாரு. சிமெந்தோட."

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் பீலியில் குளித்து வளர்ந்தவர்கள். மலையிலிருந்து குழாய் வழியாக விழும், தலையைக் கொடுப்போம், எண்ணெயும் சோப்பும் அழுக்கும் காலடியில் ஓடி வடிகானுக்குள் போய்விடும். போன தண்ணீரைப் பற்றி யாரும் நினைத்ததில்லை. குளிப்பது என்றால் தேய்ப்பதும் அலசுவதும்தான். தண்ணீருக்குள் இறங்கி ஒன்றும் தேய்க்காமல் ஏறி வருவதற்கு எங்களிடம் ஒரு சொல்கூட இல்லை. இத்தனையும் அளந்த நான் அதைச் சொல்லாமல் விட்டேன். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு நாளாக இருந்திருந்தால் நானும் சோப்புப் பெட்டியோடுதான் இறங்கியிருப்பேன்.

இறைத்துவிட்டு மறுபடி நிரப்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நிரம்பும்போது விடுமுறை முடிந்திருக்கும். படியில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஈரத்தலையைத் துவாயால் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கோவமா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணு சொல்றேன், பயந்திராதீங்க. உள்ள வழுக்கிருச்சுங்க."

எழுந்து நின்றுவிட்டேன்.

"கால் எண்ணெயும் சீயக்காயும் படிஞ்சு அடி சீட்டெல்லாம் வழுவழுன்னு இருந்துச்சு. ரெண்டு காலும் ஒரே போக்கா போயிருச்சு. செத்தோம்னு நெனச்சேன். ஆனா விழல. விழுந்துக்கிட்டே இருக்கேன், விழல. மெதுவா, பஞ்சுக்குள்ள போற மாதிரி. தாடையில தண்ணி பட்டப்பதான் கைப்பிடி அம்புட்டுச்சு. புடிச்சுக்கிட்டுக் கீழ பாக்குறேன், இந்தக் கால் மடங்கியிருக்கு."

"எவ்வளவு?"

"எவ்வளவுன்னா? நூல் கொண்டாந்தா அளக்க முடியும்? மடங்கியிருக்குங்க. குந்துற மாதிரி."

"வலிக்கலயா?"

"பாக்குற வரைக்கும் வலிக்கல. பாத்ததும்தான் வலிச்சுச்சு."

அம்மா தண்ணீருக்குள் நின்று சிரித்ததாகவும், அதை விபத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டதாகவும் மகள் சொன்னாள்.

அடுத்த வாரம் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னோம். அவர் காலை மெல்ல மடக்கிப் பார்த்தார். இவ்வளவு நாளும் கால் மடங்காமல் பிடித்து நிறுத்தியது இவங்கதான், விழுந்தாலும் ஒன்றும் ஆகாத இடத்தில் அந்தப் பிடியை விட்டுவிட்டார்கள் என்றார். மனைவி எனக்கு அதைத் தமிழில் சொல்லும்போது 'இவங்கதான்' என்ற இடத்தில் தன்னைக் காட்டினாள். எனக்கு என்னுடைய கைப்பிடிகளும் நினைவுக்கு வந்தன.

தண்ணீரை நாங்கள் கொட்டவில்லை. நானும் மச்சானும் பழைய நூல் சேலை ஒன்றை நனைத்து இரண்டு பக்கமும் பிடித்து, தண்ணீரின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்தோம். சேலையைப் பிழிந்தால் எண்ணெய் வந்தது. மறுபடி இழுத்தோம். அடியில் கிடந்த சீயக்காயைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தோம்.

"ஒரு பூண்டத் தட்டிப் போட்டா ரசம் மச்சான்," என்றான்.

"நீ கொண்டாந்த சிமெந்து அடியில இறுகிருச்சான்னு பாரு மொதல்ல."

வழிகிற தண்ணீரால் குறைந்ததை நிரப்பினோம். கண்ணாடி போல் தெளிவு வரவில்லை. லேசான கலக்கத்தோடும் சீயக்காய் வாசனையோடும் இருந்தது. அது போதும் என்றாள் மனைவி. அடியில் வழுக்காமல் ஒரு ரப்பர் விரிப்பைப் போடப் போனேன், வேண்டாமென்றாள். தினமும் கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, தாடையில் தண்ணீர் படும் வரை இறங்கி, எழுந்தாள். முதலில் முகம் சுளித்துக்கொண்டு, பிறகு மகளோடு கதை பேசிக்கொண்டு. இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். காலைப் பார்க்காமல் இருப்பதற்கு.

பாடசாலை திறந்த அன்று நான் விடுப்பு எடுத்து ஓட்டோவில் கூடப் போனேன். படிக்குக் கீழே இறங்கியதும், "நீங்க இங்கயே நில்லுங்க," என்றாள். வலது காலை வைத்து, இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, மறுபடி வலது கால். அப்படியே போனாள். நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள், அடுத்த கையில் பை. பிடித்துக்கொள்ள அந்தப் படியில் ஒன்றும் இல்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது காலைக் கூட்டம் தொடங்கியிருந்தது. அவள் வரிசைக்குள் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பாடசாலை விட்டபோது அதே ஓட்டோவோடு போய் நின்றேன். பிள்ளைகள் எல்லோரும் ஓடி இறங்கிய பிறகு, கடைசியாக அவள் வந்தாள். நண்டு போலப் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவைத்து இறங்கினாள். கக்கத்தில் பிள்ளைகளின் கொப்பிகள் ஒரு கட்டு. நான் கை நீட்டினேன்.

"புடிக்காதீங்க, பாக்குறாங்க," என்றாள்.

கடைசிப் படியில் முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. கால் நடுங்குவது சேலைக்கு மேலேயே தெரிந்தது. பசறைப் பாடசாலை பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று நினைத்தேன். அவள் கொப்பிக் கட்டை முதலில் ஓட்டோவுக்குள் வைத்தாள். பிறகு கம்பியைப் பிடித்து, இடது காலை மடக்கி உள்ளே வைத்து ஏறி உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீங்க லீவு போட வேணாம்," என்றாள். "வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, போனதும் நேரா தொட்டிதான். தம்பி புள்ளைக அதுக்குள்ள கெடந்தா ஏறிரச் சொல்லுங்க."

ஓட்டோ புறப்பட்டது. அவள் கொப்பிகளை மடியில் வைத்து, மேலே இருந்த ஒன்றைத் திறந்து திருத்தத் தொடங்கினாள். வளைவுகளில் பேனா கோடு இழுத்துக்கொண்டு போனது. அதற்காக அவள் நிறுத்தவில்லை.