தேதி வரிசையில் படங்கள்

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த எஸ்டேட் அலுவலகத்தில் கணினியைக் கவனித்துக்கொண்டவர், வெயிலிலும் மப்ளரைக் கழற்ற மாட்டார். மூடுபனியில் இணையம் அடிக்கடி போய்விடும். அதனால் இணையத்திலிருந்து எதையும் இறக்காமல், பைத்தான் என்ற கணினி மொழியோடு கூடவே வரும் நிரல் நூலகத்தை மட்டும் வைத்தே எல்லா வேலையையும் முடித்துவிடுவார்.

மனைவி இறந்த பிறகு, தன் கைப்பேசியில் தாறுமாறாகக் கிடந்த அந்த அம்மாவின் படங்களையும் அப்படித்தான் ஒரு சிறு நிரல் எழுதித் தேதிவாரியாக அடுக்கினார்.

"சரியா வந்துதுங்களா?" என்று கேட்டேன்.

"வந்துதுங்க. வரிசையாப் பார்த்தாத்தானுங்க தெரியுது, அவ போறதுக்கு ஒரு வருசம் முந்தியே நொம்ப மெலிய ஆரம்பிச்சுட்டா. ஒரே ஊட்டுல இருந்துட்டு நான் கவனிக்கலீங்க."

அவர் மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினார். படங்களையெல்லாம் பழையபடி கலைத்துப் போடும் நிரல் அது. அப்படிக் கலைத்ததில் அவர் மனம் ஆறியதா என்று கேட்கும் துணிவு எனக்குக் கடைசிவரை வரவில்லை.