பின்மூடிக்குள் இருந்த சிலுவை

அண்ணனின் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி மதினி மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் தட்டிக் கழித்தேன். ஆறு வருஷமாக நான் விழுங்கி வைத்திருக்கிற ஒன்றை எழுதாமல், அண்ணனைப் பற்றி வேறு எதை எழுதினாலும் ஆண்டவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அண்ணன் அடுக்கம் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, நாயுடுபுரத்தில் வாட்ச் ரிப்பேர் கடை போட்டு எங்களை ஆளாக்கினார். தான் திறந்த வாட்சின் பின்மூடிக்குள் ஊசியால் சின்னச் சிலுவை கீறி வைப்பார். "நாளைக்கு ஒண்ணுன்னா, பாத்தது நான்தான்னு தெரியணும்ல" என்பார்.

அப்பாவின் வாட்ச் என்னிடம் இருந்தது. அண்ணன் பலமுறை பழுது பார்த்தது. ஒரு மழைக்காலத்தில் ஈரம் இறங்கி நின்றபோது, அவர் வாரக்கணக்கில் வைத்துக்கொள்வாரே என்று பெரியகுளத்தில் ஒரு கடையில் கொடுத்து வாங்கினேன். ஒரே மாதத்தில் மறுபடி நின்றது. அப்புறம்தான் அண்ணனிடம் போனேன். லென்ஸை மாட்டித் திறந்தவர் நிமிர்ந்தார்.

"ஏலே, வேற யாரும் இதத் தொறந்தாங்களா?"

"இல்லண்ணே."

வருத்தப்படுவாரே என்று வந்த பொய். அவர் மேற்கொண்டு கேட்காமல் ஓடவிட்டுத் தந்தார்.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் மச்சான், அந்த வாட்சை என்னிடம் வாங்கிப் போய்த் திண்டுக்கல்லில் ஒரு கடையில் காட்டியபோது, உள்ளே இருந்த அசல் மெஷினை எடுத்துவிட்டு மட்டமானதை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். குடும்பம் கூடியது. மச்சான் மூடியைத் திருப்பிக் காட்டினார். "சிலுவை யாருது? சாட்சி உள்ளயே கெடக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்ன பொய்யை மாற்ற வாய் வரவில்லை. "அண்ணனத் தவிர யாரும் தொடல" என்றேன். அண்ணன் மூடியை வாங்கி வாட்சில் பொருத்தி என்னிடம் நீட்டினார்.

அதன்பின் சொந்தக்காரர்கள் வேலை முடியும்வரை கடையை விட்டு நகரமாட்டார்கள். மச்சான் திறந்த வாட்சைச் செல்போனில் படம் பிடிப்பார். "தப்பா எடுத்துக்காத மாப்ளே."

"வெளிச்சத்துல எடுங்க மச்சான். எனக்கும் ஒண்ணு அனுப்புங்க" என்று அண்ணன் சிரிப்பார்.

ஞாயிறு பூசை முடிந்து நிற்பவர்கள், அவர் பக்கத்தில் வந்தால் சட்டைக் கையை இழுத்து வாட்சை மறைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார். "ஏலே, வத்தலக்குண்டா, பெரியகுளமா?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். "பெரியகுளம்ண்ணே."

"அதான பாத்தேன். ஸ்குரு தலைய மம்பட்டியால வெட்டுன மாதிரில்ல வெட்டி வச்சிருந்தான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே."

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

நாலாம் நாள் போய்விட்டார்.

பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆண்டவர் மன்னிப்பார். ஆனால் அண்ணனின் கெட்ட பேர் உங்களிடமல்லவா இருக்கிறது.

அடக்கத்துக்கும் இன்றைய நினைவுப் பூசைக்கும் வந்த எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரருக்குத் தனி நன்றி. வாட்சைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவர் அவர் ஒருவர்தான்.

வராத சொந்தங்களுக்கும் இதைச் சொல்லுங்கள். "பாவம், தெரியாமச் சொல்லிட்டான்" என்று எனக்காகக் குறைக்க வேண்டாம். தம்பி தெரிந்தே பொய் சொன்னான் என்று, எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.