தையல் கூலி

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கு வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகள், சக ஆசிரியர்கள், வாசலில் உட்காரும் காவலாளி என்று பள்ளிக்கூடம் முழுக்க அவள் 'ஏன் டீச்சர்'. யார் என்ன பதில் சொன்னாலும் பின்னாலேயே ஒரு 'ஏன்' அனுப்புவாள்.

"விலையக் குறைச்சோம் டீச்சர்."

"ஏன்?"

"விக்கல டீச்சர்."

"ஏன் விக்கல?"

அதற்குள் பாதிப் பேருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த 'ஏன்' ஒரு காலத்தில் அவளுக்கே விழுந்த அடி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். புரிந்ததோ இல்லையோ, பக்கம் பக்கமாக உருப்போட்டுத்தான் கரையேறினாள். கடைசி வருட வாய்மொழித் தேர்வில், அவள் ஒப்பித்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்ட தேர்வாளர், "சரிம்மா, ஏன்?" என்றார். அவள் ஒப்பித்ததையே முதலிலிருந்து மறுபடி ஒப்பித்தாள். எப்படியோ தேறிவிட்டாள். ஆனால் தேறியது தானா, தன் மனப்பாடமா என்ற சந்தேகம் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் அவளை விடவில்லை.

மேல்நிலை வகுப்புக்கு வணிகப் பாடம் எடுக்க வந்தாள். பிள்ளைகள் ஒரு சிறு தொழிலை நடத்திப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கைக்குத்தான் மதிப்பெண். அறிக்கைகள் பளபளவென்று வந்தன. சோப்பு செய்து விற்ற ஒரு குழு, 'எங்கள் சோப்பின் திரி நீண்ட நேரம் எரியும்' என்று எழுதியிருந்தது. போன வருடத்து மெழுகுவத்திக் குழுவின் அறிக்கைதான் ஜெராக்ஸ் கடையில் அட்டை மாறி வந்திருந்தது. ஆசிரியர் அறையே வயிறு வலிக்கச் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைமையாசிரியரிடம் நடையாய் நடந்து முறையை மாற்றினாள். இனி எதிரில் வந்து உட்கார வேண்டும், சொந்த வாயால் பதில் சொல்ல வேண்டும். உட்காராதவர்களுக்கு முட்டை. காய்ச்சல், கல்யாணம் என்று கதை அளக்கக் கூடாது. ஒரே ஒரு சலுகை உண்டு: தப்பாகச் சொன்னவர்கள் யோசித்துவிட்டு அடுத்த வாரம் வந்து சரியாகச் சொன்னால், விட்ட மதிப்பெண் திரும்பக் கிடைக்கும்.

இந்த வருடம் துணியில் பென்சில் பை செய்து விற்றாள் ஒருத்தி. புத்தகத்தைத் தட்டினால், காலணியைக் கழற்றினால் ஒரு ஜிப் விழும் என்பதால் வகுப்பில் அவள் பெயர் ஜிப்பு.

"ஊரு பைக்கெல்லாம் ஜிப் வெக்கறியே, உன் வாய்க்கு ஒண்ணு வெச்சுக்கக் கூடாதாடி?"

"வெச்சுக்கிட்டா உங்க ஏனுக்கு யாரு டீச்சர் பதில் சொல்றது?"

தேர்வுக்கு முந்தின வாரம் ஜிப்பு காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தாள். மருத்துவமனையில் சேர்த்தார்கள். வீடு திரும்பவில்லை.

தள்ளிப்போன தேர்வு ஒருவழியாக முடிந்தது. மதிப்பெண் ஏற்றும் நாளன்று அலுவலக எழுத்தர் கணினித் திரையைப் பார்த்தபடி, "பேரை எடுத்தாச்சு மேடம். அந்த வரியே இப்ப இல்ல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அன்று மாலை ஜிப்புவின் அம்மா வந்தாள். துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"அவளுக்கு மார்க் எவ்வளவு டீச்சர்?"

"அவ உக்காரலயேம்மா."

பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் டீச்சருக்குச் சுருக்கென்றது.

"தெரியும் டீச்சர். உக்காரலன்னா முட்டைன்னு வீட்ல சொல்லிக்கிட்டே இருப்பா. அதான் நான் வந்தேன். சாப்பிட்டு முடிச்சதும் என்னை டீச்சரா உக்கார வெச்சு, 'ஏன்னு கேளும்மா, ஏன்னு கேளும்மா'ன்னு உயிர வாங்குவா. அவ பதிலெல்லாம் எனக்கு அத்துப்படி. கேளுங்க."

"அதெல்லாம் வேணாம்மா. நான் முழு மார்க் எழுதித் தர்றேன்."

"சும்மா போடாதீங்க." அம்மாவின் குரல் உயரவில்லை. "சும்மா போட்டா அது அவ மார்க் இல்ல."

பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். டீச்சர் பேனாவை எடுத்தாள்.

"ஏன் கறுப்புத் துணி?"

"வாங்குறது புள்ளைங்க, தொவைக்கிறது அம்மாங்க. அழுக்கு தெரியாதுன்னா அம்மாங்க முனக மாட்டாங்க."

சொல்லி முடித்ததும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். ஜிப்புவும் அப்படித்தான் சாய்ப்பாள். அது யாரிடமிருந்து வந்தது என்று டீச்சருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"ஒரு பையோட செலவுல என்னென்ன சேத்தா?"

"துணி, ஜிப்பு, நூலு."

"தையல் கூலி?"

"நான்தானே தைச்சேன்."

"ஏன் சேக்கல?"

அம்மா நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள். "நானும் கேட்டேன் டீச்சர், விளையாட்டுக்கு. 'நீதான் எப்பவும் இருப்பியே, உனக்கு எதுக்குக் கணக்கு'ன்னா."

வீட்டு ஆள் உழைப்பும் செலவுதான், அதை விட்டால் நஷ்டம்கூட லாபமாகத் தெரியும் என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்தியவள் டீச்சர். பதில் தப்பு. பேனா தாளின் மேல் நின்றது. போன பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் குறைக்கிற கை என்ன கை? குறைக்காமல் விட்டால் மட்டும் அது யாருடைய மதிப்பெண்? கேட்டுக்கேட்டு வளர்த்த 'ஏன்' இப்போது அவள் பக்கமே திரும்பியிருந்தது.

"முப்பதுக்கு இருபத்தஞ்சு" என்றாள்.

"அஞ்சு எங்க போச்சு?" மகள் கேட்டிருக்கக்கூடிய அதே வேகம்.

"உங்க கூலியைச் சேக்கல. தப்பு."

அம்மா தலையாட்டினாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. "அப்பவே சொன்னேன், உங்க டீச்சர் விட மாட்டாங்கடின்னு."

டீச்சர் தாளில் எண்ணை எழுதினாள். கணினியில் அதற்கு இடமில்லை, எழுதினாள். தலை நிமிராமல், வருடக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய் தன்பாட்டுக்குச் சொன்னது:

"பரவால்ல, யோசிச்சிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. போட்டுடறேன்."

டீச்சரால் நிமிர முடியவில்லை.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். பிள்ளைகள் செய்வதுபோலவே அதை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

"சொல்றேன் டீச்சர்."