முந்தியில் என்ன பறவை?

போன வாரம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்மணியிடம் தோற்றுப்போய் வந்தேன். சந்தோஷமாகவே தோற்றேன்!

எனக்கும் ஒரு வெப்சைட் இருக்கிறது — தெரியும்தானே? ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே! இந்தப் பத்திகளைத்தான் அதில் போடுகிறேன். பக்கத்தின் அடியில், வந்தவர்களை எண்ணிக் காட்டும் ஒரு கவுன்ட்டர். வந்து போனவர்களில் பாதிப் பேர்... நானேதான்.

கல்யாணப் பட்டு எடுக்கப் போயிருந்தோம். மனைவி கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்று மணி நேரம் ஆகும். பக்கத்து பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். அடுத்த சீட்டில் தேன்மொழி. நெசவாளர் முருகேசனின் மனைவி. தங்கள் தறிச் சேலைகளுக்கு ஒரு வெப்சைட் வைத்திருக்கிறார். அவருடைய கவுன்ட்டரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

"எப்படிம்மா இவ்வளவு கூட்டம்?"

சிரித்தார். "மொதல்ல ஈ காக்கா வரல சார். தப்பு எங்க மேலதான்."

என்ன தப்பு? இந்த ஊரில் தறியில் புது டிசைன் ஏறினால், வெளியாள் வரும்போது மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். அடுத்த தெருக்காரர் பார்த்தால் அவர் தறியிலும் ஏறிவிடுமே! அதே பழக்கத்தில், பார்டரையும் முந்தியையும் உள்ளே மடித்து வைத்து போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஷட்டரை இறக்கிவிட்டு வியாபாரம் செய்தால் யார் வருவார்கள்?

முருகேசன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தேனு, இப்ப ஓடுற சேலை தறிய விட்டு எறங்கறதுக்குள்ள ஒருத்தராவது கேக்கணும். இல்லன்னா வெப்சைட்ட மூடிட்டு, பழையபடி கடைக்கே குடுத்துடலாம்."

"கடைக்குப் போனா கடை பேருதான் சார் இருக்குது. நெய்ஞ்ச ஆளு பேரு எங்க?" என்றார் தேன்மொழி.

முருகேசன் கெடு வைத்த அன்றைக்கே தறி மேல் கிடந்த துணியை எடுத்துவிட்டார். தினம் ஒரு போட்டோ, கீழே முருகேசன் பெயர். இன்று ஒரு சாண், நாளை இன்னொரு சாண். சேலையின் உடல் பகுதி முடியும் நேரத்தில் ஒரு கேள்வி: 'முந்தியில் என்ன பறவை வரப்போகுது? சொல்லுங்க பார்க்கலாம்!'

மயில் என்றார் ஒருவர். அன்னம்தான் என்று அடித்துச் சொன்னார் இன்னொருவர். சிங்கப்பூரில் ஓர் அம்மாள் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக இதைத்தான் திறப்பாராம். நடுவே மழையில் இரண்டு நாள் தறி நின்றது. 'ஏன் போட்டோ இல்லை? முருகேசனுக்கு உடம்பு சரியில்லையா?' என்று பதறிப்போய் மெயில்! சேலையை விட்டுவிட்டு நெய்கிறவரை விசாரிக்கிறார்கள். லேசுப்பட்ட விஷயமா இது?

கடைசியில் வந்தது இருதலைப் பட்சி. சேலை இறங்குவதற்கு முந்தின நாளே சிங்கப்பூர் அம்மாள் எழுதிவிட்டார்: 'அது எனக்குத்தான். ஓரத்தில் முருகேசன் பெயரையும் நெய்து அனுப்புங்கள்.'

"முருகேசன் என்ன சொன்னாரு?"

"அந்தாண்ட திரும்பிக்கினு கண்ணத் தொடச்சிக்கினாரு."

ஒரு தடவை ஆளை வரவழைப்பது யாராலும் முடியும். நாளைக்கும் வரணும் என்று தோன்றவைப்பதுதான் சாமர்த்தியம். எனக்கு இது ஏன் இத்தனை நாளாகத் தோன்றவில்லை?

எழுந்திருக்கும்போது கேட்டேன், "டிசைனை யாரும் திருடலையாம்மா?"

"திருடாம? அடுத்த தெருவுல அதே பட்சி ஓடிக்கினு இருக்குது! ஆனா காப்பியடிக்கணும்னா அவங்களும் தெனம் வந்து பாக்கணும் இல்ல? அதுவும் நம்ம கவுன்ட்டர்லதான் சார் ஏறுது!"