காலில் தொடங்கும் பெயர்

நூலகத்தில் ஒரு பத்திரிகையைப் புரட்டும்போதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது: டேக்வாண்டோ. கொரியாக்காரர்களின் சண்டைக் கலையாம். கால், கை, வழி என்று மூன்று சொற்கள் சேர்ந்த பெயராம். முதலில் கால். உடனே எனக்கு மச்சான் நினைவுதான் வந்தது.

மச்சான் என் அக்காளின் கணவர். கொரியாவில் போர் நின்றபின் கைதிகளைக் காக்கப் போன நம் படையில் இருந்தவர். அங்கே ஒரு கைதி இந்தச் சண்டையைப் பழகுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். "பேரெல்லாம் யாருக்குத் தெரியும் மாப்ளே. குனிஞ்சு கும்பிடுவான், எத்துவான், திரும்பக் கும்பிடுவான். அம்புட்டுத்தான்" என்பார்.

போன கோடையில் மலைக்கோட்டை அடிவாரத்துச் சிலம்பத் திடலில் அதைச் செய்து காட்டினார். எதிரே நின்றவர் பூட்டுப் பட்டறைக்காரர். மச்சானின் உயிர் நண்பர். மச்சான் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் அக்காளுக்கு ஓடி ஓடி உதவியவர். "ஏலே, கொரியாவுல என்னத்தக் கிழிச்ச, காட்டு பாப்போம்" என்று சீண்டியவரும் அவர்தான். மச்சான் இடுப்பை வளைத்துக் குனிந்தார். காற்றில் நிற்கவேண்டிய கால், நண்பரின் நெஞ்சில் பட்டுவிட்டது.

தெரியாமல் கால் பட்டால் பட்டவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதற்காக நண்பர் காத்து நின்றார். மச்சானோ கைகளைப் பக்கவாட்டில் ஒட்டியபடி மறுபடியும் குனிந்தார்.

"எத்திப்புட்டு மண்டைய ஆட்டுறான் பாரு" என்று துண்டை உதறிக்கொண்டு போனவர் இன்றுவரை மச்சானோடு பேசவில்லை. அக்காள் அழுதுவிட்டாள். மச்சானோ, "மரியாதை செஞ்சேன்ல, ரெண்டு தடவ செஞ்சேன்ல" என்பதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்குத்தான் குழப்பம். கொரியாவின் பழைய கல்லறைச் சுவர் ஓவியங்களிலேயே இந்தக் கலை உண்டு என்கிறது பத்திரிகை. கொரியாவை ஆண்டுவிட்டுப் போன ஜப்பானியரிடமிருந்து வந்தது, பெயர் மட்டும் புதிது என்கிறது அதே பக்கத்தின் கீழ்ப்பகுதி. அப்படியானால் மச்சான் குனிந்தது யாருடைய மரியாதை? வழி என்கிறார்களே, அது காலைத் தூக்குவதிலா, தூக்கியபின் குனிவதிலா? யாரைக் கேட்பது?

நாளைச் சாயங்காலம் திடலுக்குப் போகிறேன். பட்டறைக்காரர் முன் நின்று, "மாமா, என் நெஞ்சுல ஒரு எத்து விடுங்க" என்று கேட்கப்போகிறேன். கால் பட்டதும் அவர் கை தானாக என்னைத் தொட வரும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மச்சான் குனிந்ததும் இதுதான் மாமா என்று சொல்லிப் பார்க்கவேண்டும்.