மூன்று கிழமை முதலிடம்

ஸ்பிரிங்வேல் கடையில் உறைந்த மீன் எடுக்க ஃபிரீசர் கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்ததும் என்னையறியாமல் தொண்டைக்குள் "தும்... தும்..." என்று முனகிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் தன் தள்ளுவண்டியை மெல்ல நகர்த்திக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

இந்தத் 'தும்'முக்கு ஒரு காலத்தில் கைதட்டல் கிடைத்தது என்றால் நீங்களும் நம்பமாட்டீர்கள். இறைச்சிப் பெட்டி அடுக்கும் கூல் ரூமில் நாங்கள் நாலு பேர் வேலை செய்தோம். எல்லாருமே மன்னாரில் கோயில் பாட்டுக்குழுவில் வளர்ந்தவர்கள். குளிரை மறக்கப் பாடத் தொடங்கினோம். வாத்தியம் கிடையாது. அன்ரன் மேலே பாடுவான், யூட்டும் அவன் தம்பி றெஜியும் நடுவில் "ஊ... வா..." என்று பின்னுவார்கள். பழைய அமெரிக்க டூ-வாப் பாட்டுகளைக் கேட்டு யூட் பிடித்த வித்தை அது. அடியில் நான். பாட்டின் சொல்லெல்லாம் அன்ரனுடையது. எனக்குக் கிடைத்த சொல் ஒன்றுதான்.

அப்படிக் கட்டிய பாட்டொன்றைத் தமிழ் வானொலிக்குப் பதிந்து கொடுத்தோம். வாராவாரம் நேயர்கள் தெரிவு செய்யும் பத்துப் பாட்டில், சினிமாப் பாட்டுகளையெல்லாம் தள்ளிவிட்டு, மூன்று கிழமை முதலாவதாக நின்றது. கடைத்தெருவில் ஓர் அன்ரி என்னை மறித்து, "தம்பி, நீர்தானே அந்தத் தும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து என் நடையே மாறிப்போனது.

பிறகு சிட்னியில் ஒரு விழாவில் பாட அழைப்பு. நாள் முழுக்கக் கார் ஓடி மெரிலேண்ட்ஸ் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தால், விழா நடத்தியவர் அன்ரனின் தோளில் மட்டும் கை போட்டார்.

"எங்களிட்டை வாத்தியங்களோட பாண்ட் இருக்கு. நீர் மட்டும் பாடினாக் காணும். மற்ற ஆக்கள் சாப்பிடுங்கோ."

அன்ரன் எங்களைப் பார்த்தான். "ஏலாது எண்டு சொல்லவோ?"

"பாடு மச்சான். இவ்வளவு தூரம் வந்திட்டம்," என்றான் யூட்.

நாங்கள் கொத்துரொட்டித் தட்டோடு பின்சுவரில் சாய்ந்து நின்றோம். என் இடத்தை ட்ரம்ஸ் எடுத்துக்கொண்டது. சொல்ல வெட்கம், என்னைவிட நன்றாகவே செய்தது. சனம் எழும்பி நின்று தட்டியது. இறங்கி வந்த அன்ரனின் முகத்தில்தான் ஒன்றுமில்லை.

"பின்னால நீங்கள் இல்லாமல், கிணத்துக்குள்ள நிண்டு கத்தினது மாதிரி இருந்தது," என்றான்.

திரும்பும் வழியில் யாரும் பாடவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. அடுத்த கிழமை பாட்டு ஏழாம் இடம். அதற்கடுத்த கிழமை காணோம்.

பிறகு ஷிப்ட் மாறியது, பிள்ளைகள் வந்தார்கள், அன்ரன் பேர்த்துக்குப் போனான். கூல் ரூம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. வானொலிக்காரர் இடம் மாறியபோது பழைய பதிவுகளை வீசிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து மீனைக் குசினியில் வைத்துவிட்டு அன்ரனுக்கு அழைத்தேன்.

"எங்கட பாட்டு உன்னட்டை இருக்குத்தானே?"



"உன்னட்டை இருக்கும் எண்டெல்லோ மச்சான், நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."