முதல் பிளாக்கில் மிச்சமிருந்த இடம்

கூட்டேரிப்பட்டு தாண்டியதும், பஸ்ஸில் நின்றபடியே எனக்கு அந்த யோசனை தோன்றியது. ஃப்ளாஷ் நினைவகத்தின் முதல் பிளாக்கில் பூட்லோடர் போகப் பாதி இடம் சும்மாதானே கிடக்கிறது, செட்டிங்கையும் அங்கேயே வைத்தால் என்ன? உடனே நண்பனுக்குப் போன் போட்டேன். "சூப்பர் மச்சான், ஜல்தியா வா" என்றான்.

திண்டிவனத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் இருவரும் செய்துகொண்டிருந்தது, போன் அடித்தால் வயலில் மோட்டாரைப் போடும் பெட்டி. கரண்ட் வந்ததும் முதலில் விழித்து மற்ற நிரலை எழுப்பும் சின்ன நிரல்தான் பூட்லோடர். எந்தெந்த போன் நம்பரிலிருந்து அடித்தால் மோட்டார் ஓட வேண்டும் என்பது செட்டிங். மேசைமேல் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். பிசகே இல்லை. பன்னிரண்டு பெட்டிகளை வயல்களில் மாட்டினோம்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு போட்டிருந்தவர் ஒரு காலையில் கூப்பிட்டார். "தம்பி, பொட்டி செத்துப்பூட்டுது. ஒரு லைட்டும் எரியல. மச்சான் நம்பர சேத்துக்கினு இருந்தேன், கரண்ட் பூட்டுச்சி. அவ்ளோதான்."

பெட்டியைக் கழற்றி வந்து, லேப்டாப்பில் மாட்டி முதல் பிளாக்கைப் படித்தேன். எஃப் எஃப், எஃப் எஃப், கடைசிவரை அதுவேதான். துடைத்துவிட்ட ஃப்ளாஷ் அப்படித்தான் இருக்கும். பூட்லோடரை யார் அழித்தது?

நான்தான். ஃப்ளாஷில் ஒரு நம்பரை மட்டும் தனியாக அழிக்க முடியாது. பிளாக் முழுவதையும் துடைத்துத்தான் திரும்ப எழுத வேண்டும். ஒவ்வொரு முறை நம்பரைச் சேமிக்கும்போதும் என் நிரல் பூட்லோடரையும் சேர்த்துத் துடைத்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தது. நடுவில் கரண்ட் போனால் எழுப்ப ஆளில்லை.

"இன்னாடா இது? சமையல் குறிப்பையும் மளிகை லிஸ்டையும் ஒரே சிலேட்ல எழுதிக்கினு, லிஸ்ட மாத்த சிலேட்டையே தொடைப்பியா?" என்றான் நண்பன்.

"மேசைல ஒருவாட்டி கூட இப்டி ஆவலயேடா?"

"மேசைல யூபிஎஸ் கீதுடா, மேதாவி!"

வயலில் மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் வந்த நிமிடம் எல்லாரும் ஒன்றாக மோட்டார் போடுவார்கள். லைன் தாங்காமல் கரண்ட் ஒருமுறை போய் வந்துதான் நிலைக்கும். பேட்டரி இல்லாத எங்கள் பெட்டிக்கு உயிர் வருவதும் அப்போதுதான், நம்பரை மாற்ற அவர்கள் உட்காருவதும் அப்போதுதான். இந்தப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு இது தெரியும். தெரிந்தும் செய்திருக்கிறேன்.

மீதிப் பதினொரு பெட்டிகளும் அதே மாதிரிதான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நம்பர மட்டும் மாத்தாதீங்கண்ணே" என்று கெஞ்சினேன். பனமலைக்காரர் சிரித்தார். "இந்த வாரத்துல நாலு வாட்டி மாத்திட்டேன் தம்பி. நல்லாத்தான் ஓடுது. ஏன் பேஜாரு பண்ற?"

நாலு முறை! நாலு முறையும் பூட்லோடர் அழிந்து, நடுவில் கரண்ட் போகாததால் மட்டுமே தப்பியிருக்கிறது.

செட்டிங்கை இப்போது ஃப்ளாஷின் கடைசி இரண்டு பிளாக்குகளுக்குக் கொண்டுபோய்விட்டேன். ஒன்றில் புதியதை எழுதி, சரிபார்த்த பிறகே மற்றதிலுள்ள பழையது அழியும். முதல் பிளாக்கை இனி எதுவும் தொடாது. நாளைக்கு நான் நம்பரைச் சேமிக்கச் சேமிக்க நண்பன் பிளக்கைப் பிடுங்கப்போகிறான், நூறு தடவை. நூறிலும் பெட்டி எழுந்தால், புது நிரலை ஏற்ற லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முதலில் பனமலைக்கு.